ரிட்டன் வண்டி

நீங்க அந்தப் பையை மடியிலேயே வெச்சுக்கங்க தம்பி. கீழ வெச்சா, மலை எறங்குறப்ப உருண்டுக்கிட்டே போயி டிரைவர் காலடியில நிக்கும், அப்புறம் அவரு வண்டிய நிறுத்தித் திட்டுவாரு. நான் இப்பிடி ஓரமா உக்காந்துக்கிறேன். முன்னாடி லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலையும் மப்ளருமா உக்காந்திருக்கா பாருங்க, அவதான் நம்ம வீட்டம்மா, இந்திராணி. நான் பேச ஆரம்பிச்சா திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பா. நீங்க கண்டுக்காதீங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து அப்பிடித்தான்.

நீங்க கண்டக்டர்கிட்ட கேட்டது காதுல விழுந்துச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க அப்பா அம்மா கப்பல்ல கொச்சி வந்து எறங்குறாங்க, அவங்கள அங்கருந்து கொடைக்கானல் ஏரிக்குக் கூட்டிட்டு வரணும், ரயிலா, பஸ்ஸா, காரான்னு கேட்டீங்க. அந்த ஆளு 'வத்தலக்குண்டுல எறங்கி விசாரிங்க'ன்னு டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போயிட்டான். வத்தலக்குண்டுல யாரத் தம்பி விசாரிப்பீங்க? பூக்கடைக்காரனையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஆளு உங்க பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். அதே மாதிரி ஒரு கப்பல்ல இந்த வாரம்தான் கொச்சியில எறங்கி, அதே ஏரிக்கு வந்து சேர்ந்தேன். அதுவும் சும்மா கைய வீசிக்கிட்டு இல்ல, தாய்மாமன் சீரோட.

என் பேரு தனுஷ்கோடி. சாத்தூர்ல தனுஷ்கோடி பெயிண்ட்ஸ்னு கேட்டா சின்னப்புள்ளையும் கை காட்டும். பையன் பாம்பேல வேலை பாக்குறான். அவன்தான், 'அப்பா, நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போனதே இல்ல'ன்னு பாம்பேலருந்து கொச்சிக்குக் கப்பல் டிக்கெட்ட எடுத்து அனுப்பிட்டான். நல்ல பையன்தான். ஆனா தேதியப் பாக்கலையே. கப்பல் கொச்சிக்கு வந்து சேர்ற நாளுக்கு மறுநாள் காலையில, கொடைக்கானல்ல என் தங்கச்சி வாசுகி மகளுக்குக் காதுகுத்து.

வாசுகிக்குப் பல வருஷமா குழந்தை இல்ல தம்பி. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. கடைசியா பொறந்தது இந்தக் கவிநயா. அதுக்குக் காது குத்தணும்னா யாரு மடியில உக்கார வெக்கணும்? தாய்மாமன் மடியில. தாய்மாமன் யாரு? நான் ஒருத்தன்தான். நான் போய்ச் சேரலைன்னா பெரியப்பா மகன் முத்தையா அந்த எடத்துல உக்காந்துருவான். அவன் எப்பவும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எவன் எடம் காலியாகும்னு பாத்துக்கிட்டே இருக்குற ஆளு. வாசுகி போன்ல, 'அண்ணே, நீ வரலைன்னா நான் காதே குத்த மாட்டேன்'னு அழுதுட்டா. எனக்கும் அந்தப் புள்ளைய மடியில வாங்கணும்னு நெஞ்செல்லாம் ஆசை. அத நான் எதுக்கு மறைக்கணும்?

அப்ப நேரா போக வேண்டியதுதானேங்கிறீங்க. அதுலதான் சிக்கல். எங்க மாப்பிள்ளை குருநாதன், வாசுகி வீட்டுக்காரரு, ஏரிக்கரையில பெரிய லாட்ஜு வெச்சிருக்காரு, வீடும் அதுலேயே. அதுக்குப் புதுமனை புகுவிழா வெச்சப்ப நான் சீர் கொண்டு போனேன். பித்தளைக் குத்துவிளக்கு, பீரோ, பாத்திரம், பழத்தட்டு, எல்லாத்தையும் நம்ம கடை லோடு ஆட்டோவுல ஏத்தி, நானும் டிரைவர் பக்கத்துல உக்காந்து சாத்தூர்லருந்து மலை ஏறி வந்தேன். புதுச்சட்டை, பட்டு வேட்டி. மாப்பிள்ளை வாசல்ல நாலு பெரிய மனுஷங்களோட நின்னு பேசிக்கிட்டு இருந்தாரு. ஆட்டோவப் பார்த்தாரு. வாட்ச்மேனக் கூப்பிட்டு, 'பெயிண்ட் டப்பா வந்திருச்சு, பின்வாசலுக்குக் கொண்டு போயி எறக்கச் சொல்லு'ன்னாரு. கூட நின்னவங்க சிரிச்சாங்க. ஆட்டோ பின்வாசலுக்குப் போயிருச்சு. குப்பைத்தொட்டி பக்கத்துல எறங்கினேன் தம்பி, பட்டு வேட்டியோட.

ஆட்டோவுல தனுஷ்கோடி பெயிண்ட்ஸ்னு பெருசா எழுதியிருந்துச்சுங்கிறது வேற விஷயம். அதப் பாத்து எப்பிடி ஏமாறலாம்? உள்ள உக்காந்திருக்கிறது யாருன்னு பாக்க வேண்டாமா? அன்னைக்கு அந்த வீட்டுல கை நனைக்காம மலை எறங்குனவன்தான். அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. புள்ளை பொறந்தப்பக் கூட ஆஸ்பத்திரியில பாத்துட்டு அப்பிடியே வந்துட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் நேர்ப் பேச்சே இல்ல. எல்லாம் வாசுகி மூலமாத்தான்.

இப்பவும் வாசுகி மூலமா சொல்லி விட்டாரு. கொச்சித் துறைமுகத்துக்கே கார் அனுப்புறாராம், நாங்க ஏறி உக்காந்தா போதுமாம். நான் சொல்லிட்டேன். 'தாய்மாமன் சீரு தாய்மாமன் புடிச்ச வண்டியிலதான் வரும். அவரு காருல வந்து எறங்கினா, சீரும் அவரே குடுத்து அனுப்பினதுன்னு ஊரு சொல்லும்.' இந்திராணிதான் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அதுவும் சரிதாங்க, உங்க வண்டியிலேயே போவோம்'னா. அவ அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டது எனக்கே ஆச்சரியம். நம்ம பேச்சுல நியாயம் இருந்தா யாரும் ஒத்துக்கத்தான் செய்வாங்க.

கப்பல் எப்பிடி இருந்துச்சுங்கிறீங்களா? குறை சொல்ல முடியாது. வெளிப்பக்கம் அடிச்சிருந்த வெள்ளைதான் உப்புக்காத்துல உரிஞ்சு நின்னுச்சு, அந்த கம்பெனிக்கு ஒரு நல்ல பெயிண்ட் கடை கெடைக்கல போல. பாம்பேல ஏறுறப்ப பையை மெஷின்ல விட்டாங்க. உள்ள காதுகுத்துக்குக் காப்பரிசி கலக்க வெச்சிருந்த மண்டவெல்லம், உருண்டை உருண்டையா. நாலு போலீஸ் கூடிட்டாங்க. இந்திராணி ஒரு உருண்டைய ஒடச்சு, தான் ஒரு துண்டு தின்னுட்டு, அந்த அதிகாரி வாயிலயும் ஒண்ணு வெச்சா. போகச் சொல்லிட்டாரு.

கப்பல்ல மத்தவங்க எல்லாம் நீச்சல் குளம், பாட்டு, கூத்துன்னு இருந்தாங்க. நான் கொச்சிலருந்து கொடைக்கானலுக்கு எதுல போறதுன்னு விசாரிச்சுக்கிட்டே வந்தேன். கோயம்புத்தூர் மில்காரரு ஒருத்தர் ரயில்ல போங்கன்னாரு. பழனியில எறங்கி மலை ஏறலாமாம். நானும் யோசிச்சேன். ஆனா சீர்த்தட்ட ரயில்ல எங்க வெப்பீங்க? சீட்டுக்கு அடியில. அதுக்கு மேல எவனாவது கால நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். காலடியில கெடந்த சீர புள்ளைக்குக் குடுக்க முடியுமா? ரயில் வேண்டாம்.

சாப்பாடு பரிமாறுற மலையாளத்துத் தம்பி ஒருத்தன் பஸ்ஸுதான் சௌகரியம், தேனிக்குப் போயி மாறிக்கங்கன்னான். பஸ்ஸுல சீர எங்க போடுவாங்க? மேல போட்டுக் கயிறு கட்டுவாங்க, இல்ல பின்னாடி டிக்கியில, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துல. அதுக்கு லோடு ஆட்டோவே தேவலை. கப்பல்காரங்களே கார் ஏற்பாடு பண்ணித் தர்றோம்னாங்க. அதுல கண்ணாடி பூரா கப்பல் கம்பெனி பேரு எழுதியிருக்கும். நான் ஏற்கெனவே பேரு எழுதின வண்டியில போயிப் பட்டவன். அதுவும் வேண்டாம்னுட்டேன்.

மில்காரரு கடைசியில கேட்டாரு, 'நேரம் முக்கியமா, செலவு முக்கியமா, உங்களுக்கு எதுங்க முக்கியம்?'னு. நான் சொன்னேன், 'வாசல்ல எறங்குறது முக்கியம்.' அவருக்கு அது புரியல. பணக்காரங்களுக்கு எந்த வாசல்ல எறங்கினாலும் ஒண்ணுதான்.

கொச்சியில எறங்கினோம். வாசல்ல டாக்ஸிக்காரங்க சூழ்ந்துக்கிட்டாங்க. எனக்குக் கண்ணு ரொம்ப கூர்மை தம்பி, பெயிண்ட் கடைக்காரன் கண்ணு, ஏமாத்த முடியாது. ஒருத்தன் வண்டிய மோதி டிங்கரிங் பாத்து மேல சாயம் பூசியிருந்தான், கதவு ஒரு வெள்ளை, வண்டி ஒரு வெள்ளை. ஒதுக்கிட்டேன். ஒரு வண்டிக்குள்ள தலைய விட்டா மீன் வாடை. சீருக்கு ஆகுமா? இன்னொருத்தன் தமிழ்நாட்டுக்குள்ள வந்தா பர்மிட் அது இதுன்னு ரெண்டு மடங்கு கேட்டான். இப்பிடியே வெயில் ஏறிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துருச்சு தம்பி, சொல்லிக்கிறதுக்கு என்ன. முத்தையா வேட்டிய மடிச்சுக்கிட்டு உக்கார்றது அப்பிடியே கண்ணு முன்னாடி தெரியுது. இவ என்னடான்னா பெட்டி மேல உக்காந்து போன நோண்டிக்கிட்டே இருக்கா. 'என்னடி பண்ற?'ன்னு கேட்டா, 'அண்ணனுக்கு மெசேஜ் அனுப்புறேன்'ங்கிறா. அவளுக்குக் கூடப்பொறந்த அண்ணன் கிடையாது. ஒண்ணுவிட்ட அண்ணன் எவனாவது இருப்பான்.

அப்புறம் தலைய நிமிர்த்தி, 'என்னங்க, அந்த மரத்தடியில ஒரு வண்டி நிக்குது பாருங்க'ன்னா. பார்த்தேன். பளிச்சுன்னு வெள்ளை வண்டி, திண்டுக்கல் நம்பர். கை காட்டுனது அவதான், அது உண்மை. ஆனா அது திண்டுக்கல் நம்பருங்கிறதக் கண்டுபிடிச்சது நான். உடனே மூளை வேலை செஞ்சுருச்சு. திண்டுக்கல் வண்டி கொச்சியில நிக்குதுன்னா என்ன அர்த்தம்? யாரையோ எறக்கி விட்டுட்டுக் காலியாத் திரும்புது. ரிட்டன் வண்டி. ரிட்டன் வண்டிக்காரன் கெடச்சது லாபம்னு வருவான். இதத்தான் தம்பி நீங்க நல்லா மனசுல வெச்சுக்கணும்.

கிட்டப் போனேன். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள டிரைவரு எந்திரிச்சு, 'கொடைக்கானலா சார்?'னான். நம்ம முகத்துலேயே எழுதி ஒட்டியிருக்கு போல. பேரு ராயப்பன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், சுத்தமான ஆளு. 'காலியாத்தான் போறேன் சார், நீங்க குடுக்குறதக் குடுங்க'ன்னான். நான் விடுவேனா? பாதி வாடகை கேட்டேன். சரின்னுட்டான். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, கொஞ்சம் கூடப் போட்டு நானே ஏத்திக் குடுத்தேன். அதுக்கு இந்திராணி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. 'பேரம் பேசித் தோத்தது நீங்க ஒருத்தர்தாங்க'ன்னா. பொம்பளைங்களுக்கு வியாபாரம் புரியாது.

வண்டி எப்பிடி இருந்துச்சுங்கிறீங்க. சீர்த்தட்டு வெக்கப் பின்சீட்டுல புதுத் துண்டு விரிச்சு வெச்சிருக்கான். யாருக்கோ விரிச்சது, நமக்கு ஆகிருச்சு. இந்திராணிக்குக் கழுத்து வலி, அவளுக்கு ஒரு தலைகாணி. எனக்குச் சீனி போடாம ஒரு பிளாஸ்க் சுக்கு காப்பி. குடிச்சுப் பார்த்தா அச்சு அசலா எங்க வாசுகி கைப்பக்குவம். 'யாருப்பா போட்டது?'ன்னேன். 'வீட்டுல சார்'னான். அவன் சம்சாரத்துக்கு நல்ல கைன்னு சொன்னேன். அவன் ரோட்டையே பார்த்துக்கிட்டு ஓட்டுனான். கூச்ச சுபாவம். எந்த வழியாப் போகலாம்னு என்னைத்தான் கேட்டான். மூணாறு, போடி, தேனின்னு நான் சொன்னேன். 'நானும் அப்பிடித்தான் சார் நினைச்சேன்'னான். படிச்ச டிரைவருங்க கூட இந்த மரியாதை குடுக்க மாட்டாங்க.

பூப்பாறைகிட்ட டீ குடிக்க நிறுத்துனப்ப அவனுக்கு ஒரு போன் வந்துச்சு. தள்ளிப் போயி, வாயப் பொத்திக்கிட்டு, 'ஆமாண்ணே, மூணாறு தாண்டியாச்சு. அக்காவுக்குத் தலைசுத்தல் ஒண்ணும் இல்ல. சாரு நல்லாப் பேசிக்கிட்டே வர்றாரு'ன்னான். யாருப்பான்னேன். 'ஓனர் சார்'னான். வாடகைக்கு ஏறுனவங்களுக்குத் தலை சுத்துதான்னு விசாரிக்கிற ஓனர நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. 'போனக் குடு, நான் ஒரு வார்த்தை பேசணும்'னேன். இந்திராணி, 'எதுக்குங்க, எதுக்குங்க'ன்னு டீயக் கீழ வெச்சுட்டு ஓடி வர்றா. ராயப்பன் குடுக்கவா வேண்டாமான்னு முழிக்கிறான். நான் வாங்கிட்டேன்.

'வணக்கம் ஓனர். நான் சாத்தூர் தனுஷ்கோடி. வண்டி அருமை, டிரைவரு தங்கம்'னேன். அந்தப் பக்கம் 'ம்'னு மட்டும் ஒரு சத்தம். மலையில டவர் சரியில்ல, கரகரன்னு கேக்குது, ஆளுக்கும் சளி புடிச்சிருந்துச்சு போல. நல்ல மனுஷன் கெடச்சா நமக்கு வாய் நிக்காதுல்ல. காதுகுத்துக்குப் போறதச் சொன்னேன். தங்கச்சி புருஷனச் சொன்னேன். லோடு ஆட்டோவச் சொன்னேன். பின்வாசலச் சொன்னேன். 'ஓனர், சீர் கொண்டு போனவன் குப்பைத்தொட்டி பக்கத்துல எறங்கி நின்னேன். அன்னைக்கு ராத்திரி பூரா எங்கம்மா போட்டோ முன்னாடி உக்காந்திருந்தேன். தங்கச்சிய ஒழுங்கா ஒரு எடத்துல குடுத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு'ன்னேன். இத நான் இந்திராணிகிட்டக் கூட சொன்னதில்ல தம்பி. முன்பின் தெரியாத ஆளுகிட்டதான் சொல்ல வருது. இப்ப உங்ககிட்ட சொல்றேன்ல, அது மாதிரி.

லைன் கட்டாயிருச்சான்னு பார்த்தா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்புறம் அந்தக் கரகரக் குரல் மெதுவாச் சொல்லுச்சு. 'அவரு ஆட்டோவத்தாங்க பார்த்திருப்பாரு, உங்களப் பார்த்திருக்க மாட்டாரு. வீட்டுக்குப் பெயிண்ட் வேலை பாக்கி இருந்திருக்கும், அத நினைச்சுக்கிட்டுச் சொல்லியிருப்பாரு. நீங்க எறங்குனதப் பார்த்த பிறகு அவருக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்திருக்கும். வந்து கேக்கத்தான் தைரியம் வந்திருக்காது. மனசுல வெச்சுக்காதீங்க. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்.'

யாரோ ஒரு ஓனரு. வண்டி வாடகைக்கு விடுற ஆளு. அவரு எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்? நான் சொன்னேன், 'ஓனர், உங்களுக்கு இருக்குற மனசுல கால்வாசி எங்க மாப்பிள்ளைக்கு இருந்திருந்தா நாங்க இப்பிடி ஆகியிருக்க மாட்டோம்.' போன ராயப்பன்கிட்டக் குடுத்துட்டுத் திரும்புனா இந்திராணி கண்ணு கலங்கி நிக்கிறா. மலைக்காத்து அவளுக்கு எப்பவும் ஒத்துக்காது.

சாயங்காலம் பெரியகுளத்துக்கு வந்துட்டோம். நான் அப்பவே மலை ஏறிரலாம்னேன். ராயப்பன்தான், 'சார், சீர் வண்டி இருட்டுல போயி எறங்கலாமா? காலையில போனா நாலு பேரு பார்ப்பாங்க'ன்னான். எவ்வளவு விவரம் பாருங்க. அவனுக்குத் தெரிஞ்ச லாட்ஜுலேயே ரூம் இருந்துச்சு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா வண்டியக் கழுவி, முன்னாடி ரோஜா மாலை கட்டி வெச்சிருக்கான். நான் சொல்லவே இல்ல.

ஆனா பாருங்க, பாதி மலையில டூரிஸ்ட் பஸ் ஒண்ணு வளைவுல மாட்டிக்கிட்டு நின்னுருச்சு. முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. நல்ல நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. நான் எறங்கி, சீர்த்தட்டத் தலையில வெச்சுக்கிட்டு நடந்தே போயிர்றேன்னு கெளம்பிட்டேன். நெசமாத்தான் சொல்றேன். நடந்துக்கிட்டே ஒரு நினைப்பு வந்துச்சு. அவரு அனுப்புறேன்னு சொன்ன காருல நேத்தே வந்திருந்தா இந்நேரம் புள்ளை என் மடியில இருந்திருக்குமே, என்னடா உன் ரோஷம்னு. அழுகை வந்துருச்சு. ராயப்பன் பின்னாடியே ஓடி வந்து, 'சார், நீங்க போகாம அங்க ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டாங்க, நான் சொல்றேன் ஏறுங்க'ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான். அவனுக்கு எப்பிடித் தெரியும்? ஆறுதலுக்குச் சொன்னான், பாவம்.

அவன் வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு. அங்க நேரம் தாண்டப் போகுதுன்னு பெருசுங்க எல்லாம் அவசரப்படுத்தியிருக்காங்க. ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. முத்தையா நான் சொன்ன மாதிரியே வேட்டிய மடிச்சுக்கிட்டு மணையில உக்காந்துட்டானாம். எங்க மாப்பிள்ளை போயி, 'எந்திரி முத்தையா. தாய்மாமன் வண்டி வெள்ளி அருவி தாண்டிருச்சு'ன்னாராம். வாசுகி சொன்னா. நாங்க சரியா அப்பத்தான் அருவி தாண்டியிருப்போம். மலையிலேயே இருக்குற ஆளு, மனக்கணக்குப் போட்டிருப்பாரு.

வண்டி ஏரியச் சுத்தி வந்துச்சு. நான் ராயப்பன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தேன், யாரு என்ன சொன்னாலும் பின்வாசலுக்குத் திருப்பாதன்னு. முன்வாசல்ல ஊரே நிக்குது. மாப்பிள்ளை நடுவுல நிக்கிறாரு. அவரு நேரா வந்தாரு, வண்டியப் பார்க்கல, என்னைப் பார்த்தாரு. கதவ அவரே தொறந்தாரு. திரும்பி எல்லாருக்கும் கேக்குற மாதிரி, 'தாய்மாமன் வண்டி வந்திருச்சு, மேளத்த வாசிங்கப்பா'ன்னாரு. சீர்த்தட்ட அவரு கையால வாங்கித் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தாரு. 'மச்சான், வாங்க'ன்னாரு.

கவிநயா என் மடியில உக்காந்துச்சு தம்பி. ஊசி குத்துனப்ப ஒரு கத்து கத்திட்டு, என் சட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. இங்க பாருங்க, பட்டன் பிஞ்சது. தைக்க வேண்டாம்னு இந்திராணிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அன்னைக்கு அந்த வீட்டுல கை நனைச்சேன். மாப்பிள்ளை தானே பக்கத்துல நின்னு பரிமாறுனாரு. ரெண்டாந்தடவை பாயசம் வாங்கிக்கிட்டேன், சுகர் இருந்தாலும் பரவாயில்லன்னு.

அதனால உங்க அப்பா அம்மாவுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ரயிலு, பஸ்ஸு எல்லாம் யோசிக்காதீங்க. கொச்சித் துறைமுக வாசல்ல மரத்தடியில திண்டுக்கல் நம்பர் வண்டி நிக்கும், அதப் புடிங்க. ராயப்பன் நம்பர் தர்றேன். என்ன, இந்திராணி அதுக்குள்ள திரும்பிச் சிரிக்கிறா பாருங்க. அவளுக்கு என்னமோ இந்த ராயப்பன் பேச்சு எடுத்தாலே சிரிப்பு.

இன்னைக்குக் கெளம்புறப்ப மாப்பிள்ளை, 'கார்ல கொண்டு விடச் சொல்றேன் மச்சான்'னாரு. வேண்டாம்னுட்டேன். சீர் கொண்டு வரத்தான் வண்டி, சும்மா திரும்புறதுக்கு பஸ்ஸு போதும். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவ்வளவு பெரிய லாட்ஜு நடத்துறாரு, நம்பிக்கையான டிரைவரு ஒருத்தன் வேண்டாமா? 'மாப்பிள்ளை, ஒரு நல்ல டிரைவர் நம்பர் தர்றேன், குறிச்சுக்கங்க'ன்னேன். உடனே கேலண்டர் தாளக் கிழிச்சு, பேனா எடுத்துட்டாரு. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டது அதுதான் முதல் தடவை. நான் நம்பரச் சொல்லிக்கிட்டே வந்தேன், கடைசி ரெண்டு நம்பருக்கு முன்னாடி என் போன்ல வெளிச்சம் அணைஞ்சிருச்சு. மறுபடி போட்டுப் பாக்குறதுக்குள்ள அவரு பத்தையும் எழுதிட்டாரு. சரிபார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. கெட்டிக்காரரு தம்பி, சும்மா சொல்லக் கூடாது.

அந்த போன் விஷயத்தையும் சொன்னேன். 'மாப்பிள்ளை, இவன் ஓனரு ஒருத்தர் இருக்காரு. உங்களுக்காக அவரு என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. நான் அன்னைக்கு அதுக்குச் சரியாப் பதில் சொல்லாம வெச்சுட்டேன். நீங்க இந்தப் பக்கம் இருக்குறவரு, அவர எங்கயாவது பார்த்தா சொல்லிருங்க, அவரு கேட்ட அன்னைக்கே என் மனசு ஆறிருச்சுன்னு.'

அவரு கண்ணாடியக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சாரு. ஏரிக்காத்துல கண்ணாடி சட்டுன்னு மங்கிரும். 'சொல்லிர்றேன் மச்சான்'னாரு. அப்புறம், 'அந்த ஆளு இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குவாரு'ன்னாரு.

பாருங்க தம்பி, முகம் கூடப் பார்க்காத ஒருத்தருக்காக எப்பிடிப் பரிஞ்சு பேசுறாருன்னு.